கடற்கரை டிரெய்லர் தளத்துக்கு எக்ஸ்பேண்டட் மெஷ்: எந்தக் கனம், எந்தக் கண், எப்படி வெல்டு வைப்பது?

பாசிக்கரை (தங்கச்சிமடம்)

வணக்கம். கரையிலிருந்து தார்ச்சாலை வரை வலை, ஐஸ் பெட்டி, மீன் கூடை, சில நாள் எஞ்சின் என்று எல்லாம் ஏற்றிப் போக ஒரு டிரெய்லர் வைத்திருக்கிறோம். மினி டிராக்டர் இழுக்கும். தளம் 8 அடிக்கு 4 அடி. அதில் கிடந்த 3 மி.மீ. செக்கர் பிளேட் உப்புத்தண்ணீர் தேங்கித் தேங்கி அடிப்பக்கமாகப் பொரிந்து உதிர்கிறது. கீழே உள்ள குறுக்கு ஆங்கிள்களும் இனிமேல் தாங்காது. அச்சும் சக்கரமும் நன்றாக இருப்பதால் மேல்பகுதியை மட்டும் புதிதாகச் செய்யலாம் என்று முடிவு.

தண்ணீரும் மணலும் நிற்காமல் கீழே விழுந்துவிடும் என்பதால் இந்த முறை எக்ஸ்பேண்டட் மெஷ் (தகட்டைக் கீறி விரித்த இரும்பு வலை) போட நினைக்கிறேன். அதிகம் போனால் 600 கிலோ ஏறும். ஏற்றி இறக்க ஆட்களும் மேலே ஏறி நிற்பார்கள். கடையில் கேட்டால் கனம் என்ன, கண் என்ன, ரைஸ்டா பிளாட்டா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தடைக்காலம் என்பதால் விசைப்படகு வேலைகளில் பட்டறைகள் நிரம்பிக் கிடக்கின்றன. ஜூன் 14 தாண்டினால்தான் எனக்கு ஆள் கிடைப்பார். அதற்குள் சரக்கு வாங்கி வைக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மண்டபம் பட்டறை

தம்பி, கடைக்குப் போகும் முன் நான்கு அளவு கையில் இருக்க வேண்டும். கண்ணின் நீள வாட்டம், கண்ணின் குறுகிய வாட்டம், கண்ணைச் சுற்றி நிற்கும் இழையின் அகலம், தகட்டின் கனம். “முக்கால் இஞ்ச் மெஷ்” என்று மட்டும் கேட்டால் அவர்கள் எதை வேண்டுமானாலும் கட்டிக் கொடுக்கலாம். ஒரே கண்ணளவில் ஜன்னலுக்குப் போடும் மெல்லியதும் உண்டு, ஆள் நடக்கும் மேடைக்குப் போடும் தடித்ததும் உண்டு.

இது கம்பியைப் பின்னியதோ புள்ளி வெல்டு வைத்ததோ அல்ல. முழுத் தகட்டில் கீறல் போட்டு, இழுத்து விரித்தது. அதனால் ஓர் இழை அறுந்தாலும் பின்னல் வலை மாதிரி அவிழ்ந்துகொண்டே போகாது. எடை குறையும், ஆனால் இரும்பு வீணாகாது.

எடைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிலோ விலையில் வாங்கும்போது கைகொடுக்கும். இழை அகலத்தைத் தகட்டுக் கனத்தால் பெருக்கி, அதை 2-ஆலும் 7.85-ஆலும் பெருக்கி, கண்ணின் குறுகிய வாட்டத்தால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். எல்லா அளவும் மி.மீ. கணக்கில். 3 மி.மீ. கனம், 3 மி.மீ. இழை, 20 மி.மீ. கண் என்றால் சதுர மீட்டருக்கு 7 கிலோ. உங்கள் 8-க்கு 4 தளத்துக்கு 21 கிலோ. அதே 3 மி.மீ. முழுத் தகடு 70 கிலோ வரும்.

கடையில் ஷீட்டைத் தராசில் வைக்கச் சொல்லிவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால், சொன்ன கனம் இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். இழையை வெர்னியரில் வைத்தும் பாருங்கள். நம் நாட்டில் இந்த ஷீட்டுக்கு ஐ.எஸ். 412 என்று தனித் தரமே இருக்கிறது. பெரிய ஆர்டர் என்றால் அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.


தொண்டி வலைக்காரர்

ரைஸ்டு மெஷ் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அதில் ஒவ்வொரு இழையும் சாய்ந்து, விளிம்பு மேலே நிற்கும். வலையை அதன் மேல் இழுத்தால் கண்ணிக்குக் கண்ணி மாட்டும். நைலான் வலை என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். வலை ஏற்றுகிற வண்டிக்குப் பிளாட் மட்டும்தான். ஐஸ் பெட்டியையும் தூக்காமல் தள்ளிவிடலாம்.


மண்டபம் பட்டறை

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிளாட் என்பது விரித்த மெஷ்ஷை உருளையில் விட்டு அமுக்கியது. சாய்ந்து நின்ற இழை படுத்துவிடுவதால் விறைப்பு போய்விடும். ஒரே கனத்தில் இரண்டையும் வைத்து ஆள் ஏறிப் பார்த்தால் பிளாட் கூடுதலாகத் தொய்வது கண்ணுக்கே தெரியும். ஈரக்காலில் மீன் சளியோடு ஏறுகிறவர்களுக்குப் பிளாட் வழுக்கும். ஐஸ் பெட்டியைத் தூக்கியபடி வழுக்கினால் இடுப்பு போச்சு.

என் யோசனை: தளத்துக்கு ரைஸ்டு, பக்கத் தடுப்புக்குப் பிளாட். வலை பெரும்பாலும் உரசுவது பக்கத்தில்தான். தளத்தில் வலையைப் போடும்போது கீழே ஒரு தார்ப்பாய் விரித்தால் போதும், கரை சேர்ந்ததும் எடுத்துவிடலாம். ரப்பர் பாயை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். அதன் அடியில் உப்பு ஈரம் காயவே காயாது.


தொண்டி வலைக்காரர்

தார்ப்பாய் விரிப்பதெல்லாம் முதல் வாரம் நடக்கும். அப்புறம் யார் விரிக்கிறார்கள்? இரவு இரண்டு மணிக்குக் கரைக்கு வந்து, கை நடுங்குகிற வாடைக்காற்றில் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். வலைதான் முக்கியச் சுமை என்றால் பிளாட் போட்டு, தாங்கு கம்பிகளை நெருக்கமாக வையுங்கள். தொய்வு தானாகக் குறையும்.


உச்சிப்புளி டிராக்டர்

தாங்கு கம்பி பற்றி அண்ணன் சொன்னதுதான் இதில் பெரிய விஷயம். மெஷ் கனத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால், நடுவில் ஒரே சுமைக்கு ஏற்படும் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். கனத்தைக் கூட்டி அந்தப் பலனைப் பெற வேண்டுமானால் எடையும் விலையும் எங்கேயோ போகும். எஞ்சின், ஐஸ் பெட்டி மாதிரி ஒரே இடத்தில் அழுத்தும் சுமைக்கு 3, 4 மி.மீ. மெஷ் என்றால் ஓர் அடிக்கு ஒரு தாங்கி வையுங்கள். ஒன்றரை அடிக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது கண்ணின் திசை. கண்ணின் நீள வாட்டம் ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கிக்குப் பாலம் போட வேண்டும். திருப்பிப் போட்டால் அதே மெஷ் எளிதில் வளைந்துவிடும். பலர் ஷீட்டைத் தளத்தின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வைத்து வெல்டு அடித்துவிடுகிறார்கள்.

8-க்கு 4 ஷீட்டில் கண்ணின் நீள வாட்டம் 4 அடிப் பக்கமாக ஓடுவது உண்டு. வெட்டும் கத்தி தகட்டின் அகலவாக்கில் இறங்கினால் அப்படி வரும். வாங்கும்போது ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் உங்கள் பழைய டிரெய்லரில் இருந்த குறுக்கு ஆங்கிள்கள் இந்த மெஷ்ஷுக்குச் சரிவராது. குறுக்கே இரண்டு மூன்று வலுவான சேனல் போட்டு, அவற்றின் மேல் நீளவாக்கில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் மூன்று என்று மொத்தம் ஐந்து ஆங்கிள் ஓடவிடுங்கள். 4 அடி அகலம் ஓர் அடி ஓர் அடியாகப் பிரிந்துவிடும். ஷீட்டையும் வெட்டாமல் முழுதாகப் போடலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ரைஸ்டு மெஷ்ஷின் மேடு வண்டி ஓடும் திசைக்குக் குறுக்கே நிற்கும். மணல் மேட்டில் ஏறும்போது பெட்டி பின்னால் வழுகாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். பின்பக்கச் சாய்தளத்துக்கும் இதே முறைதான். தாங்கிகள் ஏறும் திசையில், மேடுகள் குறுக்கே.


பாசிக்கரை (தங்கச்சிமடம்)

இந்தத் திசை விவரம் எனக்குப் புதிது, ரொம்ப நன்றி. ஃப்ரேமையே அப்படி மாற்றிவிடுகிறேன். துருவைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) மெஷ் இருக்கிறது, பெயின்ட்கூட வேண்டாம் என்கிறார்கள். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போட்டால் தலைமுறைக்கும் நிற்கும் என்றும் ஒருவர் சொன்னார். விலை கேட்டு மலைத்துவிட்டேன்.


கீழக்கரை கப்பல்தளம்

வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெஷ்ஷில் துரு ஏன் சீக்கிரம் வெல்கிறது என்றால், ஒவ்வொரு இழைக்கும் நான்கு பக்கம். 3 மி.மீ. முழுத் தகட்டில் இரு பக்கமும் அரை அரை மி.மீ. போனால் 2 மி.மீ. மிஞ்சும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அதே 3-க்கு 3 இழையில் நான்கு பக்கமும் அரை மி.மீ. போனால் மிஞ்சுவது 2-க்கு 2. ஒன்பதில் நான்கு பங்குதான், பாதிகூட இல்லை. 5 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனமுள்ள இழையில் அதே அளவு போனாலும் 4-க்கு 3 நிற்கும், 60 சதவீதம். சுமைக்கு 3 மி.மீ. போதும் என்று கணக்கு சொன்னாலும் நம் கரைக்கு 4 மி.மீ. வாங்கச் சொல்வது இதனால்தான். 25 மி.மீ. கண்ணில் அது சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, முழு ஷீட் 37 கிலோ. செக்கர் பிளேட்டில் பாதிதான்.

நம் காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) விஞ்ஞானிகள் இரும்புத் துண்டுகளைக் காற்றில் வைத்து அரிப்பை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தில் கடுமையான கடற்கரைக்கு சி5 என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். அதில் வெறும் இரும்பு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) வரை போகும். துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான்தான்.

இப்போது ஜி.ஐ. மெஷ்ஷுக்கு வருவோம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். ஜி.ஐ. தகட்டை வாங்கிக் கீறி விரித்தது என்றால், கீறிய இரண்டு பக்கமும் துத்தநாகமே இல்லாத வெறும் இரும்பு. ஒவ்வொரு இழையிலும் நான்கில் இரண்டு பக்கம் அம்மணமாக நிற்கிறது. 120 கிராம் பூச்சுள்ள தகட்டில் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் அளவுதான் துத்தநாகமும் இருக்கும். சி5 காற்றில் அது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு சமாச்சாரம். வெல்டு வைக்கும் இடங்களில் அதுவும் எரிந்துவிடும். பெயின்ட் வேண்டாம் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதை ஏற்காதீர்கள்.

சரியான வழி, கறுப்பு (பூச்சில்லாத) மெஷ்ஷை வாங்கி, ஃப்ரேமோடு எல்லா வெல்டிங்கும் முடித்து, மொத்தமாக ஹாட் டிப் கொடுப்பது. 450 டிகிரி அளவில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுப்பார்கள். 3 முதல் 6 மி.மீ. கனமுள்ள இரும்பில் சராசரி 70 மைக்ரான் ஏற வேண்டும் என்பது தரம். கணக்குப்படி 8 ஆண்டுக்குக் குறையாமல் வரும். அது காற்றுக்கான கணக்கு. சக்கரம் மூழ்க அலையில் இறக்கினால், மணல் உரசினால், அந்த அளவு நிற்காது. அனுப்பும் முன் தொட்டி அளவைக் கேட்டுக்கொண்டு ஃப்ரேமை அதற்குள் அடங்கும்படி செய்யுங்கள்.

எஸ்.எஸ். பற்றி: 304 நம் கரையில் பழுப்புக் கறை பிடித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். 316-இல் 2, 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். ஆனால் எஸ்.எஸ். மெஷ்ஷை எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஆங்கிளில் வெல்டு வைத்து உப்புத்தண்ணீரில் நனைத்தால், எஸ்.எஸ். நன்றாக இருக்கும், அதைத் தாங்கும் ஆங்கிள் வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். ஃப்ரேமும் 316 ஆக இருந்தால் பேசலாம். மீன் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.


உச்சிப்புளி டிராக்டர்

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன 5-க்கு 4 இழை நல்ல தேர்வு. ஆனால் 25 மி.மீ. கண்ணில் சின்ன மீன், போல்ட், ஸ்பேனர் எல்லாம் கீழே போகும். கூடையில் வைத்துக்கொள்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை.


மண்டபம் பட்டறை

வெல்டிங் முறையைச் சொல்லிவிடுகிறேன். கரைக்காற்றில் கோ2 வெல்டிங் வேண்டாம், வாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போய் வெல்டு முழுக்க ஓட்டை விழும். சாதாரண 6013 ராடு, 2.5 மி.மீ., 70 முதல் 90 ஆம்பியர். நம் ஊர் ஈரத்தில் ராடு நமத்துப் போகும். பாக்கெட்டைத் திறந்தால் அன்றே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

ஆர்க்கை இழையில் வைத்தால் இழை உருகி அறுந்துவிடும். ஆங்கிளில் ஆரம்பித்து, குழம்பு பிடித்ததும் இழைப் பக்கம் தொட்டுவிட்டு எடுங்கள். முதலில் ஷீட்டின் நடுவில் டாக் (சின்னப் புள்ளி வெல்டு), அப்புறம் இரண்டு பக்கமாக ஓரத்தை நோக்கி. ஓர் ஓரத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போனால் சூட்டில் இழுத்து நடுவில் வயிறு விழும். ஓர ஆங்கிளில் ஒவ்வொரு இழை முனையும் பிடிக்க வேண்டும். நடு ஆங்கிள்களில் ஒன்றுவிட்டு ஒன்று போதும்.

ஓரத்தில் இழை முனைகள் கத்தியாக நிற்கும். மேலே 20-க்கு 3 பட்டை வைத்து, மெஷ் நடுவில் மாட்டுகிற மாதிரி மூடி வெல்டு வைத்தால் கையும் கிழியாது, வலையும் கிழியாது.


கீழக்கரை கப்பல்தளம்

பட்டை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பட்டைக்கும் ஆங்கிளுக்கும் நடுவில் மெஷ் கனத்துக்கு ஒரு சந்து விழும். உப்புத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது, பெயின்ட் பிரஷும் நுழையாது. கடலோர இரும்பு சாவது இப்படிப்பட்ட சந்துகளில்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் இணைப்புகளை முழு வெல்டிங்காகச் செய்து, மேலே பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அங்கே அவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது என்றால் அதே காற்றில் நிற்கும் நம் வண்டிக்கும் வேண்டும்.

ஹாட் டிப்புக்குக் கொடுப்பதாக இருந்தால் பட்டை இன்னும் மோசம். முக்குவதற்கு முன் இரும்பை அமிலத்தில் கழுவுவார்கள். அது சந்தில் தங்கி, பிறகு பழுப்பாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

பதிலுக்கு 8 மி.மீ. உருண்டைக் கம்பியை ஓரத்தில் ஓடவிட்டு, இழை முனைகளை அதில் பிடித்து கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள். உருண்டை என்பதால் தண்ணீர் தங்காது. ஆங்கிளையும் கவிழ்த்துப் போடுங்கள், படுத்த பக்கம் மேலே, நின்ற பக்கம் கீழே. நிமிர்த்திப் போட்டால் உள்மூலையில் ஈர மணல் குவிந்து கிடக்கும்.


மண்டபம் பட்டறை

உருண்டைக் கம்பி சரியான யோசனை, காக்கா. வேலை கொஞ்சம் கூடும், ஆனால் பார்வையாகவும் இருக்கும். இனிமேல் அப்படியே செய்து கொடுக்கிறேன்.


தொண்டி வலைக்காரர்

ஹாட் டிப்புக்கு வெளியூர் அனுப்ப லாரி வாடகை எல்லாருக்கும் கட்டாது. பெயின்ட்தான் முடியும் என்கிறவர்களுக்கும் வழி சொல்லுங்கள்.


கீழக்கரை கப்பல்தளம்

பெயின்ட்டிலும் செய்யலாம், ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. உப்புப் படிந்த இரும்பின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். நம் மாவட்டத்தில் குடம் தண்ணீருக்கு என்ன பாடு என்று தெரியும், ஆனாலும் இந்தக் கழுவலுக்கு உவர்நீர் ஆகாது. கழுவிக் காய்ந்த அன்றே ப்ரைமர் ஏற வேண்டும். இரவு வெளியே விட்டால் மறுபடி உப்பு படிந்துவிடும்.

துத்தநாகம் மிகுந்த எபாக்சி ப்ரைமர், மேலே எபாக்சி, அதற்கும் மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு மேலே எனாமல் என்பது கடலைப் பார்க்காத ஊருக்குப் போதும். மெஷ்ஷில் இழையும் இழையும் சேரும் முடிச்சின் உள்பக்கம் ஸ்ப்ரே எட்டாது. முதலில் பிரஷ்ஷால் முடிச்சுகளையும் கூர் விளிம்புகளையும் ஒரு கை பூசிவிட்டு, அப்புறம் மேலிருந்தும் கீழிருந்தும் இரு சாய்வாக ஸ்ப்ரே பண்ணுங்கள். விளிம்பில் பெயின்ட் தானாக மெலிந்து விலகும். துரு தொடங்குவதும் அங்கேதான். பவுடர் கோட்டிங் நம் கரைக்கு எனக்குப் பிடிக்காது. ஓர் இடத்தில் உடைந்தால் அடியில் ஓடுவது வெளியே தெரியாது.


மண்டபம் பட்டறை

இன்னொன்று. ஜி.ஐ. மெஷ் வாங்கியே தீருவோம் என்கிறவர்கள், வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிரும் காய்ச்சலுமாகத் தூக்கிப் போடும். பால் குடித்தால் போதும், வாழைப்பழம் தின்றால் போதும் என்று பட்டறைகளில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பால் நுரையீரலுக்குப் போவதில்லை. திறந்த வெளியில், காற்று ஒரு பக்கமிருந்து வந்து புகையை மறுபக்கம் தள்ளும்படி நின்று, உரிய முகக்கவசத்தோடு செய்யச் சொல்லுங்கள். சின்னப் பையன்களை இதில் விடாதீர்கள்.


பாசிக்கரை (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் நன்றி. 4 மி.மீ. கனம், 5 மி.மீ. இழை, 25 மி.மீ. கண், கறுப்பு ரைஸ்டு மெஷ் ஒரு ஷீட் தளத்துக்கு. பக்கத் தடுப்புக்கு 3 மி.மீ. பிளாட். தொண்டி அண்ணன் சொன்னதை யோசித்து, வலை வைக்கும் பின்பாதியில் மட்டும் கழற்றி மாட்டும் மூங்கில் தட்டி ஒன்று செய்யப் போகிறேன், அதுவும் ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும், தண்ணீர் நிற்காது. ஹாட் டிப்புக்கே அனுப்பிவிடலாம் என்று அப்பாவும் சம்மதித்துவிட்டார்.

ஒரு சந்தேகம். பக்கத் தடுப்பு நிற்க 40-க்கு 40 ஸ்கொயர் பைப் கால் வைக்கிறோம். உள்ளே தண்ணீர் போகக் கூடாது என்று மேலும் கீழும் மூடி வெல்டு வைத்துவிடலாமா?


கீழக்கரை கப்பல்தளம்

தம்பி, கூடவே கூடாது. மூடிய பைப்பைத் துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் 450 டிகிரியில் விரிந்து பைப் வெடிக்கும். தொட்டிக்கு அருகில் நிற்கிறவர் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு காலிலும் மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் எதிர்மூலையில் ஒன்று என்று ஓட்டை போடுங்கள். 40 பைப்புக்கு 14 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், முனையை ஒட்டியே இருக்கட்டும். முழு முனையையும் திறந்தே விட்டால் இன்னும் நல்லது. துத்தநாகம் உள்ளேயும் பூசிக்கொண்டு வெளியே வடியும். ஃப்ரேம் போய் இறங்கியதும் அந்த ஓட்டைகளை அங்குள்ள மேற்பார்வையாளரிடம் காட்டி, போதும் என்று அவர் சொன்ன பிறகே முக்கச் சொல்லுங்கள்.